கம்பெனிக்கு இருபத்தைந்து, கூட்டாண்மைக்கு முப்பது: சேலத்து சிஏ மாணவர் சுமக்கும் வரிக் கணக்கு

பட்டயக் கணக்காளராவதற்கான சிஏ இறுதித் தேர்வின் இரண்டு குரூப்பையும் (தாள் தொகுதிகளையும்) ஒரே முறையில் எழுதியவர்களில் 2024 மே மாதத்தில் 19.88 விழுக்காட்டினரும், அதே ஆண்டு நவம்பரில் 13.44 விழுக்காட்டினரும் மட்டுமே தேறினார்கள். இந்த எண்களைச் சொல்லி, தேர்வு கடினமானது என்று பேச்சை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது என்று சேலத்து ஆடிட்டர் அலுவலகங்களில் பயிற்சி பெறும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், பேச்சு பெரும்பாலும் நேர்முக வரித் தாளில்தான் வந்து நிற்கும். கணக்குப் பதிவியலும் தணிக்கையும் அளவில் பெரியவையானாலும், படித்தது படித்தபடி இருக்கும். வரிச் சட்டத்தில் அந்த உறுதி கிடையாது. பிப்ரவரி மாதம் நிதியமைச்சர் பட்ஜெட் படிக்க எழுந்து நின்றால், டிசம்பரில் மனப்பாடம் செய்த பிரிவு மாறிவிடும். அப்படி மாறுபவற்றில் பெரும்பகுதி சலுகைகள், அச்சலுகைகளுக்கான நிபந்தனைகள், அந்த நிபந்தனைகள் காலாவதியாகும் நாள்கள். கார்ப்பரேட் வரி குறித்து நாட்டில் நடக்கும் வாதமும் மாணவரின் மேசையில் குவியும் பாரமும் ஒரே ஊற்றிலிருந்து கிளம்புகின்றன என்பதே என் கருத்து. அதைச் சேலத்தை வைத்து விளக்குவது எளிது. ஏனென்றால் பாடப்புத்தகம் பேசும் கம்பெனியும், கண்ணெதிரே கணக்குக் கொண்டுவரும் வியாபாரியும் இங்கே வெவ்வேறு ஆட்கள்.

முதலில் தேர்வின் கணக்கைப் பார்க்கலாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. 2023 ஜூலை 1 முதல் அது கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) மூன்று ஆண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. இன்டரிலும் (இடைநிலைத் தேர்விலும்) ஃபைனலிலும் எட்டெட்டாக இருந்த தாள்கள் ஆறாறாயின. முப்பது விழுக்காடு கேள்விகள் கொள்குறி வகைக்கு மாறின. முன்பு பயிற்சியின் கடைசி ஆறு மாதத்திலேயே ஃபைனல் எழுத முடிந்தது. இப்போது பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தே எழுதலாம். இவையெல்லாம் மாணவர் நலன் கருதிச் செய்யப்பட்டவைதாம். மாறாமல் நிற்பது தேர்ச்சி விதி: ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் பாதி.

இந்த இரட்டை விதியின் கூர்மையை வெளியிலிருப்பவர்கள் அறிவதில்லை. மூன்று தாள் கொண்ட ஒரு குரூப்பில் 40, 50, 59 வாங்கியவரின் மொத்தம் 149. எந்தத் தாளிலும் தவறவில்லை, ஆனால் ஒரு மதிப்பெண் குறைவதால் குரூப் போய்விட்டது. எந்தத் தாளிலும் 60-ஐ எட்டாததால் அடுத்த முறைக்கு எக்ஸம்ப்ஷனும் (அந்தத் தாளை மறுபடி எழுதாமல் விடும் சலுகையும்) கிடையாது. மூன்று தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இன்னொருவர் 39, 58, 58 வாங்கியிருப்பார். மொத்தம் 155, தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவருக்கும் குரூப் போனதுதான். பள்ளியில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு, இந்த முடிவை வீட்டில் விளக்கிச் சொல்வது தேர்வு எழுதுவதைவிடக் கடினம். தறிக்காரர் வீட்டிலிருந்தோ, வெள்ளிப் பட்டறை வீட்டிலிருந்தோ முதல் தலைமுறையாக வருபவரிடம் “என்னப்பா, இன்னுமா முடிக்கல?” என்று கேட்கும் உறவினர் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. 149 என்ற எண் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு இருமுறையாக இருந்த தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறையாகிவிட்டது. வாய்ப்பு கூடியது நல்லதே. ஆனால் செப்டம்பரில் எழுதியதன் முடிவு நவம்பரில் வந்து, ஜனவரியில் மறுபடி உட்கார வேண்டியிருப்பதால், தோற்ற மனம் ஆறுவதற்கும் திருத்தங்களைப் புதிதாகப் படிப்பதற்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மாதந்தான் கிடைக்கிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், யாரிடமும் பேசப் பிடிக்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது சோம்பலோ பயந்தாங்கொள்ளித்தனமோ ஆகாது. உதவி கேட்க வேண்டிய நிலை. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104-உம் இருக்கிறது. இதைப் பெற்றோர்தான் முதலில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தத் தாளுக்குள் போவோம். 2019 செப்டம்பர் 20 அன்று, கோவாவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடிய நாளில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவசரச் சட்டத்தின் வழியாகக் கார்ப்பரேட் வரியைக் குறைப்பதாக அறிவித்தார். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு அடிப்படை விகிதம் 30. வரியின் மேல் வரியாக ஏறும் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 35 விழுக்காடு. புதிதாக வந்த 115பிஏஏ பிரிவு 22 விழுக்காட்டைத் தந்தது. 10 விழுக்காடு கூடுதல் வரியும் 4 விழுக்காடு செஸ்ஸும் ஏறினால் 25.168. அக்டோபர் 1 முதல் பதிவாகும் புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 115பிஏபி பிரிவு 15 விழுக்காட்டைத் தந்தது. எல்லாம் சேர்ந்து 17.16. உற்பத்தியைத் தொடங்கக் கடைசி நாள் முதலில் 2023 மார்ச் 31 என்றும், பிறகு 2024 மார்ச் 31 என்றும் இருந்து, அதற்குமேல் நீட்டிக்கப்படாமல் நின்றுபோனது. ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அரசே அப்போது கணக்கிட்டது.

இந்த இரண்டு பிரிவும் மாணவரின் மேசையில் எப்படி இறங்குகின்றன என்று பாருங்கள். 22 விழுக்காடு வேண்டுமென்றால் கூடுதல் தேய்மானம் முதலான கழிவுகளை விட வேண்டும். அக்கழிவுகளால் வந்த பழைய நட்டத்தைத் தூக்கிவர முடியாது. குறைந்தபட்ச மாற்று வரியில் (ஏட்டு லாபத்தின் மேல் கம்பெனி கட்டியாக வேண்டிய வரியில்) சேர்ந்து, பின்னாளில் கழித்துக்கொள்ள வேண்டிய வரவும் பழைய சட்டத்தின்படி போய்விடும். இதற்கான தனிப் படிவம் உரிய நாளுக்குள் தாக்கலாக வேண்டும். ஒருமுறை உள்ளே போனால் திரும்ப முடியாது. ஆக, ஒரே கம்பெனிக்குப் பழைய முறையில் ஒரு கணக்கு, மாற்று வரியில் ஒரு கணக்கு, புதிய முறையில் ஒரு கணக்கு என்று மூன்றையும் போட்டு எது குறைவென்று சொல்ல வேண்டும். விகிதத்தைக் குறைத்ததாக அறிவிப்பு வந்தது; கணக்குப் போடுபவரின் வேலை மூன்று மடங்கானது. தேர்வறையில் அதற்குக் கிடைக்கும் நேரம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

இதே கதை மற்ற இடங்களிலும் நடந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் மூலதன ஆதாய வரி ஆண்டின் நடுவே மாறியது. ஜூலை 22 வரை விற்றால் ஒரு விகிதம், 23 முதல் விற்றால் வேறு விகிதம். நிலத்தையும் கட்டடத்தையும் முன்பே வாங்கி வைத்திருந்த தனிநபருக்கு இரண்டில் எது குறைவோ அது. பிறகு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே போய், 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தொடக்கமாகக் கொண்டு வந்தது. 819 பிரிவுகள் 536 ஆகக் குறைந்தன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்தது. நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் சேமிப்புக் கழிவுக்கு 80சி என்று நாக்கில் ஊறியது 123 ஆகிவிட்டது. மூலத்தில் பிடிக்கும் வரிக்கு நீண்டு கிடந்த 194 வரிசையில் பெரும்பகுதி 393 என்ற ஒரே பிரிவுக்குள் அட்டவணையாக அடங்கிவிட்டது. 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், அலுவலகத்தில் ஒரு சட்டத்தில் ரிட்டர்ன் போட்டுவிட்டு வீட்டில் இன்னொரு சட்டத்தைப் படிக்கும் நிலை சில காலம் தொடரும்.

சேலத்துக்கு வருவோம். இம்மாவட்டத்தில் பெரிய கம்பெனிகள் இல்லாமல் இல்லை. செயில் நிறுவனத்தின் சேலம் உருக்காலை, பொட்டனேரியில் ஜேஎஸ்டபிள்யூ ஆலை, மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் என்று பெயர் சொல்லலாம். ஆனால் அவற்றின் வரிக் கணக்கு இந்த ஊர்ச் சிறிய ஆடிட்டர் அலுவலகங்களுக்கு வருவதில்லை. இங்கே செப்டம்பர் 30 கெடுவை நோக்கி மேசையில் குவியும் டேக்ஸ் ஆடிட் (வரித் தணிக்கை) கோப்புகள் செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலும், லீ பஜார் மொத்த வியாபாரமும், இளம்பிள்ளைச் சேலையும், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலையும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டமுமாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை தனி உரிமையாளர் தொழில்கள் அல்லது அண்ணன் தம்பிகள் சேர்ந்த கூட்டாண்மைகள். கூட்டாண்மைக்கு வரி 30 விழுக்காடு; செஸ் சேர்ந்து 31.2, வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் 12 விழுக்காடு கூடுதல் வரியும் ஏறி 34.944. 2019-இன் குறைப்பு இதைத் தொடவே இல்லை.

ஆகவே ஆர்டிகிள் மாணவரைப் பார்த்துக் கொலுசு வியாபாரி கேட்கும் கேள்வி இதுதான்: “ஏன் தம்பி, கம்பெனிக்காரங்களுக்கு இருவத்தஞ்சு, எங்களுக்கு மட்டும் முப்பதா?” “ஆமாங்கண்ணா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப் புகுந்தால், பாடத்தின் ஐந்தாறு அத்தியாயங்கள் ஒன்றாக விரியும்.

நான்கு சகோதரர்கள் நடத்தும் ஒரு கூட்டாண்மையை எடுத்துக்கொள்வோம். கூட்டாளிகளுக்குச் சம்பளம் கொடுக்குமுன் ஏட்டு லாபம் ரூ.50 லட்சம். 2024-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி முதல் 6 லட்சத்துக்கு 90 விழுக்காடும் மீதிக்கு 60 விழுக்காடும் சம்பளமாகக் கழிக்கலாம், அதாவது 5.40 லட்சமும் 26.40 லட்சமும் சேர்ந்து 31.80 லட்சம். மிச்சம் 18.20 லட்சத்துக்குத்தான் கூட்டாண்மை 31.2 விழுக்காடு கட்டுகிறது. தொகை சுமார் ரூ.5.68 லட்சம். சகோதரர் ஒவ்வொருவருக்கும் சம்பளம் 7.95 லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால், 2025 பட்ஜெட் தந்த 12 லட்சம் வரையிலான தள்ளுபடியால் அவர்களுக்கு வரியே இல்லை. லாபப் பங்காக வீட்டுக்கு எடுத்துப்போவதற்கும் கூட்டாளியின் கையில் வரி கிடையாது. ஆக, 50 லட்சத்துக்கு மொத்த வரி 11.4 விழுக்காடுதான் விழுகிறது. முப்பது என்று வியாபாரி சொன்னது சட்டத்தில் எழுதியிருக்கும் எண். அவர் கட்டுவது வேறு எண்.

இதே குடும்பம் கம்பெனியாக இருந்து, அதே சம்பளத்தை இயக்குநர்களுக்குக் கொடுத்திருந்தால், மிச்சமான 18.20 லட்சத்துக்கு 25.168 விழுக்காடு, அதாவது சுமார் 4.58 லட்சம். வித்தியாசம் ரூ.1.10 லட்சம். ஆனால் அந்த மிச்சத்தை டிவிடெண்டாக எடுத்தால் 2020-க்குப் பின் பங்குதாரரின் கையில் மறுபடியும் வரி உண்டு. முப்பது விழுக்காட்டு அடுக்கில் இருக்கும் பங்குதாரருக்கு, கம்பெனி ஈட்டிய நூறு ரூபாயில் முதலில் 25.17 ரூபாயும், பிறகு மீதியில் 23.35 ரூபாயும் போய், மொத்தம் 48.5 ரூபாய் வரியாகிறது. கூட்டாண்மையில் 31.2-உடன் கதை முடிந்துவிடும். எனவே லாபத்தை வீட்டுக்கு எடுப்பவருக்குக் கூட்டாண்மையும், தொழிலிலேயே விட்டு இயந்திரம் வாங்குபவருக்குக் கம்பெனியும் ஆதாயம். 2019-இன் நோக்கமும் அதுதான்: லாபத்தைக் கம்பெனிக்குள் தங்கவைத்து முதலீடாக மாற்றுவது.

வியாபாரியின் மனக்குறை முழுக்க நியாயமாவது தொழில் வளரும்போதுதான். ஏட்டு லாபம் 5 கோடியானால், சம்பள வரம்பு போக மிஞ்சும் 1.98 கோடிக்கு மேற்கண்ட 34.944 விழுக்காடு விழுந்து ரூ.69.26 லட்சம் வரியாகும். கம்பெனி விகிதத்தில் அது ரூ.49.88 லட்சம். வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்தே ஏறத்தாழ ரூ.19.4 லட்சம் அதிகமாகப் போகிறது. ஐம்பது லட்சத்தில் நிற்பவரைத் தொந்தரவு செய்யாத சட்டம், ஐந்து கோடிக்கு ஏறியவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. இன்னொரு செய்தியும் இங்கே சேர வேண்டும். ஆண்டு விற்பனை 400 கோடிக்கு உட்பட்ட கம்பெனிகளுக்கு 2019 ஜூலை பட்ஜெட்டிலேயே விகிதம் 25 ஆகியிருந்தது. செஸ் சேர்ந்து 26. ஒரு கோடிக்குள் வருமானமுள்ள சேலத்துப் பிரைவேட் லிமிடெட் ஒன்றுக்கு, செப்டம்பரில் பெரிதாகப் பேசப்பட்ட குறைப்பு கொடுத்தது முக்கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆதாயத்தின் பெரும்பகுதி 400 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகளுக்கே சென்றது.

வெள்ளியில் இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று இருக்கிறது. கொலுசு வியாபாரி பட்டறைக்குக் கட்டி வெள்ளியைக் கொடுத்து, கூலியும் சேதாரமும் போக எடைக் கணக்கில் கொலுசை வாங்கிக்கொள்கிறார். அவருடைய உண்மையான பேரேடு கிலோவிலும் கிராமிலும் ஓடுகிறது. ரூபாய்ப் பேரேடு ஆடிட்டருக்காக எழுதப்படுவது. ஆண்டுத் தொடக்கத்தில் நூறு கிலோ, முடிவிலும் நூறு கிலோ என்றால், தன் பொருள் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று அவர் நினைப்பார். ஆனால் வெள்ளி விலை ஏறும் ஆண்டில், முதலில் வந்தது முதலில் போகும் முறைப்படி பழைய விலை வெள்ளி விற்பனையில் கழிந்து, புதிய விலை வெள்ளி சரக்கிருப்பில் நின்று, ஏட்டில் பெரிய லாபம் காட்டும். கடைசியாக வந்தது முதலில் போகும் முறையை இந்தியக் கணக்குத் தரமும் வருமான வரியின் கணிப்புத் தரமும் அனுமதிப்பதில்லை. சராசரி விலை முறையில் கொஞ்சம் தணியலாம், தீராது. கையில் காசாக வராத லாபத்துக்கு வரி கட்ட அவர் வெள்ளியை விற்றாக வேண்டும். விற்றால் அடுத்த ஆண்டு எடை குறையும். சரக்கு மதிப்பீட்டை இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த மாணவர், இந்தக் கோப்பை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால் அந்தத் தலைப்பை மறக்கவே மாட்டார் என்பதை இந்த ஊர்க் கணக்குத் தொழிலோடு பழகியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

ஜவுளியில் வேறொன்று. குறுஞ்சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் கொடுக்கத் தவறினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அது செலவாக ஏற்கப்படும் என்று 43பி பிரிவில் எச் உட்கூறு சேர்ந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறை. தறிக்காரரைக் காக்க வந்த நல்ல விதி. நீண்ட தவணையில் பழகிய சேலை வியாபாரத்தில், மார்ச் கடைசி வாரத்தில் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று பில் பில்லாகப் பார்க்கும் வேலை ஆர்டிகிள் மாணவர்மேல் விழுந்தது.

மலைமேல் ஏறினால் விதியே மாறிவிடுகிறது. ஏற்காட்டில் காப்பி பயிரிடுபவர் பழத்தைப் பறித்து, சந்தைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு மட்டும் உலர்த்தி விற்றால் அது வேளாண் வருமானம். மத்திய வருமான வரியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது, ஏனென்றால் அரசமைப்பு வேளாண் வருமானத்தின் மீதான வரியை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. அவரே கொட்டையைப் பதப்படுத்தி விற்றால், பழைய வருமான வரி விதிகளின் 7பி விதிப்படி லாபத்தில் 25 விழுக்காடு வணிக வருமானம், 75 விழுக்காடு வேளாண் வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் வணிகப் பங்கு 40 ஆக உயரும். பத்து லட்சம் லாபத்தில், கொட்டையாக விற்றவருக்கு இரண்டரை லட்சம் வரிக்குரியது. தூளாக விற்றவருக்கு நான்கு லட்சம். தோட்டக்காரர் தனிநபராக இருந்தால் வேளாண் பங்கும் விகிதத்தைக் கணிப்பதற்காகச் சேர்க்கப்படும். கூட்டாண்மைக்கும் கம்பெனிக்கும் அந்தச் சேர்ப்பு இல்லை. நிலத்தின் உழைப்பு எங்கே முடிகிறது, ஆலையின் உழைப்பு எங்கே தொடங்குகிறது என்ற பெரிய கேள்விக்கு, ஒவ்வொரு தோட்டத்திலும் தனித்தனியே அளந்துகொண்டிருக்க முடியாது என்பதால் சட்டம் ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் 25, 40 என்ற எண்கள் நினைவில் நிற்கும். ரப்பருக்கு 35, தேயிலைக்கு 40 என்று பட்டியலாக மட்டும் கொடுத்தால், தேர்வறையில் காப்பி தேயிலையாகிவிடும்.

கருத்துகளுக்கு வருவோம். வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும் என்பவர்கள், 2017 டிசம்பரில் அமெரிக்கா 35-லிருந்து 21-க்கு இறக்கியதையும், ஆசிய நாடுகளோடு நாம் போட்டியிட வேண்டியிருந்ததையும் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பினர் அரசின் வருவாயைச் சுட்டுகிறார்கள். 2018-19-இல் சுமார் 6.63 லட்சம் கோடியாக இருந்த கார்ப்பரேட் வரி வசூல், 2019-20-இல் 5.57 லட்சம் கோடியாகவும் அடுத்த ஆண்டு 4.58 லட்சம் கோடியாகவும் இறங்கியது. இரண்டாவது இறக்கத்தில் கொரோனாவின் பங்கு பெரிது. அதை முழுக்கக் குறைப்பின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. 2023-24-இல் வசூல் 9.11 லட்சம் கோடிக்கு ஏறிவிட்டது. ஆனால் அதே ஆண்டைப் பற்றி 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை, கம்பெனிகளின் லாபம் 22.3 விழுக்காடு வளர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே வளர்ந்தது என்று குறித்தது. அரசின் அறிக்கையே இப்படிச் சொல்லும்போது, குறைப்பு வாக்களித்ததைக் கொடுத்துவிட்டது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் பிடித்தாக வேண்டும் என்பதைச் சேலம் மாவட்டம் முன்பே கண்டிருக்கிறது. சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவரும், பின்னர் சென்னை மாகாணப் பிரதமரானவருமான (முதலமைச்சருக்கு அன்றைய பெயர்) ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் இந்த மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். கள், சாராய வருவாய் போன இடத்தை நிரப்பும் வழிகளில் ஒன்றாக 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கின் நன்மையில் ஐயமில்லை. ஆனால் குடிக்காதவரும் அந்த வரியைக் கடையில் கட்டினார். 2019-க்குப் பிறகு நடந்ததையும் இப்படியே பார்க்கிறேன். 2018-19-இல் தனிநபர் வருமான வரி என்ற தலைப்பில் வந்த தொகை கார்ப்பரேட் வரியைவிடக் குறைவு. 2023-24-இல் அது 10.45 லட்சம் கோடியாகிக் கார்ப்பரேட் வரியை முந்திவிட்டது. மாதச் சம்பளக்காரரின் பணம் என்று இதை எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி சரி. அரசின் கணக்கில் அந்தத் தலைப்பின் கீழ்தான் கூட்டாண்மைகளும் எல்எல்பிகளும் (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மைகளும்) கட்டும் வரியும் வருகிறது. இளம்பிள்ளைக் கூட்டாண்மை கட்டிய 31.2 விழுக்காடு, தனிநபர் வரி வளர்ந்ததாகக் காட்டும் வரைபடத்துக்குள் பெயரில்லாமல் கிடக்கிறது.

அப்படியானால் கம்பெனியாக மாறிவிடலாமே என்று எளிதாகக் கேட்கலாம். சட்டம் வழி வைத்திருக்கிறது: எல்லாச் சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போய், எல்லாக் கூட்டாளிகளும் பழைய மூலதன விகிதத்திலேயே பங்குதாரர்களாகி, ஐந்தாண்டுக்குப் பாதிக்குக் குறையாத வாக்குரிமையை அவர்களே வைத்திருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் அதன்பின் விற்பனை எவ்வளவானாலும் தணிக்கை கட்டாயம், கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் படிவங்கள், இயக்குநர் கடனுக்குக் கட்டுப்பாடு. ரூ.1.10 லட்சம் மிச்சமாகும் குடும்பத்துக்கு இது கட்டாது. ரூ.19.4 லட்சம் மிச்சமாகும் குடும்பத்துக்குக் கட்டும். ஆனால் அந்த அளவுக்கு வளருவதற்குத் தேவையான பணத்தைத்தான் நடுவில் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

ஜெர்மனி 2008 முதல் ஒரு வழியைக் கையாள்கிறது. கூட்டாளி தன் லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைத்தால் அதற்கு 28.25 விழுக்காடு என்ற தனி விகிதத்தைக் கேட்டுப் பெறலாம். பின்னாளில் எடுத்தால் அப்போது மேலும் 25 விழுக்காடு கட்ட வேண்டும். நம் நாட்டிலும் கூட்டாளிகளின் மூலதனக் கணக்கில் தங்கும் லாபத்துக்குக் கம்பெனி விகிதத்தைக் கொடுத்து, வெளியே எடுக்கும் நாளில் மீதியை வாங்கிக்கொள்ளலாம். மாணவருக்கு இதனால் இன்னொரு பிரிவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இதன் காரணத்தை வியாபாரிக்கும் மாணவருக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும்: தொழிலில் விட்ட பணத்துக்குக் கம்பெனியானாலும் கூட்டாண்மையானாலும் ஒரே வரி. பிள்ளைகளை அலைக்கழிப்பவை காரணம் தெரியாத விகிதங்களும், மார்ச் 31-இல் முடியுமா நீளுமா என்று பட்ஜெட் வரை காத்திருக்க வைக்கும் சலுகைகளுமே. ஆகவே இதைக் கொண்டுவந்தால், 115பிஏபி போல முடிவு நாள் வைக்காமல், தனிப் படிவமும் திரும்ப முடியாத தேர்வும் வைக்காமல், மூலதனக் கணக்கின் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் பார்த்தே ரிட்டர்னில் கணக்கிடும்படி எழுத வேண்டும். அந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு கூட்டாண்மையின் ஐந்தொகையிலும் (பேலன்ஸ் ஷீட்டிலும்) இப்போதே இருக்கின்றன.